நான்கு ஆண்டுகள், 31,000 கிலோமீட்டர்: வீட்டுக் கொட்டகையில் மீட்டெடுத்த மகிந்திரா எம்.எம். 540

1993-ஆம் ஆண்டு மாடல் மகிந்திரா எம்.எம். 540 ஜீப் ஒன்றை 2020 ஜனவரியில் வாங்கி, போடிநாயக்கனூரில் எங்கள் வீட்டுப் பின்புறத் தகரக் கொட்டகையில் நிறுத்தி, இருபத்திரண்டு மாதங்கள் வேலை பார்த்து, 2021 நவம்பரில் சாலையில் இறக்கினேன். அன்றிலிருந்து 31,000 கிலோமீட்டர் ஓடியிருக்கிறது. பழைய ஜீப்பைச் சரிசெய்தவர்கள் பெரும்பாலும் வண்டி புது வண்ணத்தில் வெளியே வரும் மாதத்தில்தான் தங்கள் அனுபவத்தை எழுதுகிறார்கள். அவற்றைப் படித்துத்தான் நானும் இதில் இறங்கினேன். ஆனால் நம் கையால் செய்த வேலைகளில் எது நின்றது, எது நிற்கவில்லை என்பது நான்கு மழைக்காலம் கழிந்த பிறகுதான் தெரிகிறது. அதை மட்டும் இங்கே எழுதுகிறேன். நான் தொழில்முறை மெக்கானிக் அல்ல. ஒரு கூட்டுறவுச் சங்கத்தில் கணக்கு எழுதுபவன். சனி மாலையும் ஞாயிறும்தான் என் பட்டறை நேரம்.

இந்த வண்டியின் வம்சாவளி பலருக்குத் தெரிந்திருக்கும். மகிந்திரா நிறுவனம் அமெரிக்க வில்லிஸ் ஜீப்பை 1940-களின் இறுதியில் இந்தியாவில் பூட்டத் தொடங்கியது. அந்த வடிவத்தின் நேர் வாரிசுதான் எம்.எம். 540. பெஜோ நிறுவனத்தின் உரிமத்தில் தயாரான 2112 சிசி டீசல் என்ஜின், நான்கு கியர், என்ஜின் பலத்தை இரண்டு சக்கரத்துக்கோ நான்கு சக்கரத்துக்கோ மாற்ற ஒரு லீவர், வேகத்துக்கான ஹை, இழுவைக்கான லோ மாற்ற இன்னொரு லீவர், நான்கு சக்கரத்திலும் டிரம் பிரேக், முன்னும் பின்னும் பட்டை ஸ்பிரிங். மின்னணுப் பெட்டி என்று எதுவும் கிடையாது. எங்கள் பகுதியில் ஏலத்தோட்டங்களுக்கு ஆட்களையும் மூட்டைகளையும் ஏற்றிச் செல்லும் ஜீப்புகளைப் பார்த்தே வளர்ந்தவர்கள் நாங்கள். நான் வாங்கியதும் அப்படி மலையில் உழைத்துத் தேய்ந்த வண்டிதான். விலை 1,65,000 ரூபாய். ஓடிக்கொண்டிருந்தது என்று சொல்ல முடியாது. தள்ளினால் உயிர் வந்தது.

நின்றவற்றுள் முதலிடம் முன் அச்சின் நக்கிள் வேலைக்கு. நக்கிள் என்பது முன் சக்கரம் திரும்பும் மூட்டு. இந்த வண்டியில் அது ஒரு பெரிய இரும்பு உருண்டையைச் சுற்றி மூடிய கிண்ணம் போல அமைந்திருக்கிறது. உள்ளே ஜாயின்ட்டும் மசகும் இருக்க, வெளியே ஒரு ரப்பர் சீலும் கம்பளி வளையமும் உருண்டையைத் துடைத்தபடி நகரும். உருண்டையில் துரு பிடித்துக் குழி விழுந்துவிட்டால் எத்தனை புதிய சீல் போட்டாலும் அந்தக் குழியின் விளிம்பு அதை அறுத்துவிடும். மசகு வெளியேறும், சேற்றுத் தண்ணீர் உள்ளே போகும். என் வண்டியில் வலது உருண்டை அம்மைத் தழும்பு விழுந்த முகம் போல இருந்தது. புதிய உருண்டை கிடைக்கவில்லை. ஊரடங்கு தொடங்கிவிட்டதால் கடைகளும் திறக்கவில்லை. கம்பிப் பிரஷால் குழிகளைச் சுத்தமாகத் தேய்த்து, தின்னரால் துடைத்து, உலோகத்துக்கான இரு கலவை எபாக்சியை அப்பி, இரண்டு நாள் காயவிட்டு, தண்ணீர் எமரித்தாளால் விரல் நகம் எங்கும் தட்டாத அளவுக்கு இழைத்தேன். இது ஆறு மாதம் தாங்கினால் போதும் என்றுதான் நினைத்தேன். நான்கு ஆண்டுகள் கழித்துச் சென்ற மாதம் சீலைக் கழற்றிப் பார்த்தபோது எபாக்சி அப்படியே இருந்தது.

அதே இடத்தில், நக்கிள் திரும்பும் அச்சாணியான கிங்பின்னின் மேலும் கீழும் மெல்லிய தகடுகளாக ஷிம்கள் இருக்கும். தோட்டத்து ஜீப்புகளை முப்பது ஆண்டுகளாகப் பார்த்த மூத்த மெக்கானிக் ஒருவர் எங்கள் தெருவில் இருக்கிறார். நான் கழற்றத் தொடங்கியபோது பக்கத்தில் நின்று, “தம்பி, ஷிம்ம எடுத்த உடனே நூல்ல கோத்துக் கட்டி வையுங்க. மேல உள்ளது கீழ மாறிருச்சுன்னா ரெண்டு நாள் வேல கூடிப் போகும்” என்றார். “சரிண்ணே” என்று அப்படியே செய்தேன். திரும்பப் பூட்டும்போது அவர் சொன்னபடி, சீலும், இரு முன்சக்கரங்களையும் இணைக்கும் டை ராடும் இல்லாமல் நக்கிளை மட்டும் பூட்டி, டை ராடு மாட்டும் நக்கிள் கையின் நுனியில் ஸ்பிரிங் தராசின் கொக்கியை மாட்டி மெதுவாக இழுத்து, அது திரும்புவதற்கு எவ்வளவு பலம் தேவைப்படுகிறது என்று பார்த்தோம். வண்டியின் கையேட்டில் உள்ள அளவுக்கு வரும்வரை மேலும் கீழும் சம அளவில் ஷிம்களைக் குறைத்தோம். ஒரு பக்கத்துக்கு ஒரு முழு ஞாயிற்றுக்கிழமை போனது. குறிப்பிட்ட வேகத்தில் முன்சக்கரங்கள் வெறிபிடித்தது போல நடுங்கும் கோளாறு பழைய ஜீப்புகளில் அடிக்கடி வரும். என் வண்டியில் இதுவரை ஒருமுறைகூட வரவில்லை. ஸ்டியரிங் பாக்ஸை மாற்ற வேண்டும் என்று எனக்குப் பலர் சொன்னார்கள். மாற்றாமல் இருந்ததற்கு இந்தத் தராசு வேலைதான் காரணம்.

நிற்காதது பிரேக். இதை மறைக்காமல் எழுத வேண்டும். சக்கரத்தில் பிரேக்கைத் தள்ளும் நான்கு வீல் சிலிண்டர்களையும் புதிதாக வாங்காமல், உள்சுவரை எமரித்தாளால் தேய்த்து, ரப்பர் கிட் மட்டும் மாற்றினேன். பார்வைக்குச் சுத்தமாக இருந்தது. பெடலும் கல் போல நின்றது. ஆனால் பல ஆண்டுகள் நின்ற வண்டியில் பிரேக் ஆயில் காற்றின் ஈரத்தை உறிஞ்சிவைத்திருக்கும். அந்த ஈரம் சிலிண்டர் சுவரில் ஊசிமுனைக் குழிகளைத் தோண்டியிருக்கும். கைக்குத் தட்டாத அந்தக் குழிகள் ரப்பரைத் தினமும் கொஞ்சம் கொஞ்சமாகத் தின்னும். 2023 ஜனவரியில் குடும்பத்தோடு போடிமெட்டிலிருந்து இறங்கிக்கொண்டிருந்தபோது, பதினேழு கொண்டை ஊசி வளைவுகளில் பாதியைக் கூடத் தாண்டவில்லை, பெடல் தரையைத் தொட்டது. இந்த வண்டியில் பிரேக் குழாய் ஒரே சுற்று; ஒரு சக்கரத்தில் கசிந்தால் நான்கும் போய்விடும். இரண்டாம் கியரில் இறங்கிக்கொண்டிருந்ததால் என்ஜினே வண்டியைப் பிடித்துவைத்திருந்தது. பெடலை விட்டு விட்டு மிதித்துக் கிடைத்த கொஞ்சம் பிடிப்பும் கை பிரேக்குமாகச் சேர்த்து, மலைச்சுவர் ஓரம் ஒதுக்கி நிறுத்தினேன். என் மனைவி மகளை மடியில் இறுக்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தது இன்றும் கண்முன் நிற்கிறது. இடது பின்சக்கரத்தின் சிலிண்டர் கசிந்து லைனிங் முழுக்க நனைந்திருந்தது.

அந்த வாரமே மாஸ்டர் சிலிண்டர், நான்கு வீல் சிலிண்டர்கள், ஹோஸ், இரும்புக் குழாய்கள் அத்தனையும் புதிதாகப் போட்டேன். மொத்தம் 11,400 ரூபாய். தொடக்கத்தில் நான் மிச்சம் பிடித்தது ஏறக்குறைய ஆறாயிரம். பழைய ஜீப் வாங்கும் எவரும் என்ஜினைத் தொடுவதற்கு முன்பே பிரேக் முழுவதையும் புதிதாக மாற்றிவிட வேண்டும் என்பதில் எனக்கு இப்போது எந்தச் சந்தேகமும் இல்லை. பிரேக் ஆயிலை இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை முழுதாக மாற்றுகிறேன்.

என்ஜினைப் பொறுத்தவரை, கழற்றியபோது நான் எதிர்பார்த்ததைவிட நல்ல செய்தியே கிடைத்தது. பிஸ்டன் ஓடும் உருளை உறைகளான லைனர்களில் மூன்று சரியாக இருந்தன. நான்காவது லைனர் மட்டும் பிளாக்கின் மேல்மட்டத்தை விட்டு உயர வேண்டிய அளவுக்கு உயரவில்லை. லைனரைச் சுற்றித் தண்ணீர் ஓடும் வெட் லைனர் என்ஜினில் அந்த மயிரிழை உயரம்தான், பிளாக்குக்கும் மேலே மூடும் ஹெட்டுக்கும் நடுவில் உள்ள ஹெட் கேஸ்கட்டை அழுத்திப் பிடிக்கும். முந்தைய உரிமையாளர் திரும்பத் திரும்பக் கேஸ்கட் மாற்றியும் தண்ணீர் கொதித்ததற்குக் காரணம் அதுவே. லேத் பட்டறையில் டயல் கேஜ் வைத்து அளந்து சரிசெய்து, அலுமினிய ஹெட்டின் அடிமுகத்தைச் சமமாக இழைத்து (பேசிங்), டீசல் தெளிக்கும் நாசில்களைச் சோதித்துப் பூட்டினோம்.

இங்கே ஒரு கருத்தைச் சொல்ல வேண்டும். மலை ஏறும் வண்டிகளில், என்ஜின் நீரின் சூட்டைச் சீராக வைக்கும் வால்வான தெர்மோஸ்டாட்டைப் பிடுங்கி எறிவது நம் பக்கத்தில் வழக்கம். வாங்கியபோது என் வண்டியிலும் அது இல்லை. அதை எடுத்தால் வண்டி சூடாகாது என்பது நம்பிக்கை. உண்மையில் அடைபட்ட ரேடியேட்டரின் குற்றத்தைத்தான் அது சில நாள் மறைக்கிறது. என்ஜின் தேவையான சூட்டுக்கு வராமலேயே ஓடி, டீசலையும் குடிக்கிறது. ரேடியேட்டருக்குப் புதிய கோர் போட்டு, தெர்மோஸ்டாட்டை மீண்டும் வைத்து, வெறும் தண்ணீருக்குப் பதில் கூலன்ட் கலந்து ஊற்றினேன். அலுமினிய ஹெட்டும் வார்ப்பிரும்பு பிளாக்கும் சேர்ந்த என்ஜினில் வெறும் தண்ணீர் ஊற்றினால் அரிப்பு வரும்; பழைய நீர்ப்பாதையில் நான் சுரண்டி எடுத்த துருச்சேறு ஒரு கொட்டாங்கச்சி நிறைய இருந்தது. மே மாத வெயிலில் ஐந்து பேரோடு போடிமெட்டு ஏறினாலும் சூடு காட்டும் முள் நடுவைத் தாண்டியதில்லை. மலைமேல் குளிர்ந்த காலையில் என்ஜினைக் கிளப்பும் முன் சூடேற்றும் ஹீட்டர் பிளக்கை இருபது வினாடி பிடித்தால் முதல் சுற்றிலேயே பற்றிக்கொள்கிறது. வெள்ளைப் புகை நீடித்தால் ஒரு பிளக் போய்விட்டது என்று பொருள்; நான்கு ஆண்டுகளில் இரண்டு மாற்றினேன்.

சிறிய துருப்பிடித்த உதிரிகளுக்கு நான் கடைப்பிடித்த முறை பலருக்கு உதவும். பிளாஸ்டிக் வாளித் தண்ணீரில் சலவைச் சோடா கரைத்து, பழைய கட்டுக்கம்பிகளைச் சுற்றிலும் நிறுத்தி, பேட்டரி சார்ஜரின் பாசிட்டிவை அவற்றுக்கும், நெகட்டிவை உதிரிக்கும் கொடுத்து ஓர் இரவு விட்டால், துரு கருஞ்சேறாக உதிர்ந்து நல்ல இரும்பு அப்படியே மிஞ்சும். இதைத் திறந்தவெளியில்தான் செய்ய வேண்டும், ஏனெனில் ஹைட்ரஜன் வாயு வெளிவரும். எவர்சில்வரைக் கம்பியாக ஒருபோதும் பயன்படுத்தக் கூடாது. அதிலிருந்து நச்சுத்தன்மையுள்ள குரோமியச் சேர்மம் தண்ணீரில் கலக்கும். கதவுக் கீல்கள், ஷாக்கிள்கள், விளக்கு வளையங்கள் எல்லாம் இப்படி மீண்டவைதான்.

பாடி விஷயத்தில் என் கணக்குப் புத்தகமே எனக்கு எதிராகச் சாட்சி சொல்கிறது. வெளி வண்ணத்துக்கு 38,000 ரூபாய். தரைத் தகட்டின் அடிப்பக்கத்துக்கு 3,000. தகட்டுக்கு அடியில் குறுக்காக ஓடும் தொப்பி வடிவச் சேனல்களின் உள்ளே தண்ணீர் தேங்கும். அவற்றை வெட்டித் திறந்து துருவை எடுக்காமல், வெளியே ஒட்டுத் தகடு பற்றவைத்து, பட்டி பூசி, வண்ணம் அடித்தோம். மூன்றாம் மழைக்காலத்தில் ஓட்டுநர் கால் வைக்கும் இடத்தில் வண்ணம் கொப்புளமாக எழும்பியது. ஸ்க்ரூ டிரைவரால் அழுத்தினேன், உள்ளே போய்விட்டது. மாறாக, முழுக்கத் தேய்த்து எபாக்சி பிரைமர் இரண்டு கோட்டு அடித்த அடிச்சட்டமான சேசிஸில் இன்றுவரை ஒரு புள்ளித் துரு இல்லை. சேசிஸ் எண் இருக்கும் இடத்தில் மட்டும் கிரைண்டர் படாமல் மண்ணெண்ணெயும் நைலான் பிரஷும் கொண்டு தேய்த்தேன். 2023-இல் ஆர்.சி. புதுப்பிக்கச் சென்றபோது ஆய்வாளர் அந்த எண்ணைத்தான் முதலில் தடவிப் பார்த்தார். சொந்த உபயோக வாகனத்துக்குப் பதினைந்து ஆண்டுகளுக்குப் பிறகு ஐந்து ஆண்டுக்கு ஒருமுறை புதுப்பிக்க வேண்டும்; கட்டணம் அப்போது 5,000 ரூபாய். மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆம் பிரிவு பதிவில் உள்ளதற்கு மாறான மாற்றங்களைக் கட்டுப்படுத்துகிறது. அதனால் அகன்ற டயர், வேறு என்ஜின், வேறு நிறம் எதற்கும் நான் ஆசைப்படவில்லை. வண்டி எப்படிப் பிறந்ததோ அப்படியே இருக்க வேண்டும் என்பது என் விருப்பமும்கூட.

அன்றாட ஓட்டம் பற்றி: அறுபது கிலோமீட்டர் வேகத்துக்கு மேல் இரைச்சலில் பேச முடியாது. லிட்டருக்குப் பதினொரு கிலோமீட்டர் கிடைக்கிறது. முதுகுவலி உள்ளவர்களுக்கு இதைப் பரிந்துரைக்க மாட்டேன். ஆனால் குரங்கணிப் பக்கம் மழைக்குப் பின் ஓடைக்கல் பாதையில் லோ லீவரைத் தட்டி முதல் கியரில் விட்டால், ஆக்சிலரேட்டரில் கால் வைக்காமலேயே ஒவ்வொரு கல்லாக அது ஏறுவதைப் பார்க்கும்போது, இருபத்திரண்டு மாத ஞாயிற்றுக்கிழமைகள் அத்தனையும் எனக்கு நியாயமாகத் தெரிகின்றன. எட்டு வயது மகள் இப்போது ரிங் ஸ்பேனர் அளவுகளைப் பார்த்தவுடன் சொல்கிறாள்.

வண்டி விலை நீங்கலாக இதுவரை ஆன செலவு 2,87,000 ரூபாய். மீதமிருக்கும் வேலைகள் இரண்டு. முன், பின் அச்சுகளுக்குப் பலத்தைப் பிரித்துக் கொடுக்கும் டிரான்ஸ்பர் கேஸில் நடு ஷாப்ட்டின் பின்முனையிலிருந்து எண்ணெய் சொட்டுகிறது. இருமுறை கழற்றி, ஊசி உருளைகளை ஒவ்வொன்றாகக் கிரீஸில் ஒட்டவைத்துப் பூட்டியும் நிற்கவில்லை. வெளிக்கூடான ஹவுசிங்கின் துளையே தேய்ந்திருக்கிறது என்று இப்போது புரிந்திருப்பதால், லேத்தில் கொடுத்துத் துளைக்குள் புஷ் எனும் உலோக வளையம் போட வேண்டும். வரும் டிசம்பரில் அதை இறக்கும்போதே பாடியையும் சேசிஸிலிருந்து தூக்கி, அந்தச் சேனல்களை வெட்டித் திறக்கப் போகிறேன். அதற்கான இரும்பு முட்டுகள் நான்கும் கொட்டகையில் தயாராக இருக்கின்றன.