தமிழில் புதிய தண்டனைச் சட்டக் கையேடு: காவலரைத் தாக்கும் குற்றம் குறித்த பக்கங்கள்

சென்னை உயர் நீதிமன்றத்துக்கு அருகே உள்ள சட்டப் புத்தகக் கடையொன்றில் வாங்கிய, புதிய தண்டனைச் சட்டமான பாரதிய நியாய சன்ஹிதாவின் தமிழ்க் கையேட்டில், பணியிலிருக்கும் காவலர் உள்ளிட்ட பொது ஊழியரைத் தாக்குவது பற்றிய பக்கங்களே எனக்கு மிகவும் பயன்பட்டன. பழைய தண்டனைச் சட்டத்தின் 332, 333, 353 ஆகிய பிரிவுகள் 2024 ஜூலை 1 முதல் 121, 132 என மாறியிருப்பதை எதிரெதிர்க் கட்டங்களில் அச்சிட்டிருக்கிறார்கள். கடமையைச் செய்யவிடாமல் தடுக்கக் காயம் விளைவித்தால் மூன்றாண்டாக இருந்த உச்சத் தண்டனை ஐந்தாண்டாக உயர்ந்திருப்பதும், கொடுங்காயத்துக்குக் குறைந்தது ஓராண்டுச் சிறை என்று வரையறுத்திருப்பதும் ஒரே பார்வையில் தெரிகின்றன. காயமே இல்லாமல் காவலரின் சட்டையைப் பிடித்துத் தள்ளினாலும் 132 பாயும் என்பதையும், அது பிணையை உரிமையாகக் கோர முடியாத குற்றம் என்பதையும் தெளிவாக எழுதியிருக்கிறார்கள்.

விளக்கவுரைதான் ஏமாற்றம். அந்தக் காவலர் அப்போது சட்டப்படியான கடமையில் இருந்தாரா என்ற கேள்வியில்தான் பல வழக்குகள் நிற்கும் அல்லது விழும். அதை இரண்டே வரியில் கடந்துவிடுகிறார்கள். கலவரத்தை அடக்க வருபவரைத் தாக்குவது பற்றிய 195-ஆம் பிரிவை இங்கே சுட்டிக்காட்டவும் இல்லை. எழுத்தும் பொடி. இருந்தாலும், காவல் நிலைய எழுத்தருக்கும் இளம் வழக்கறிஞருக்கும் தாராளமாகப் பரிந்துரைப்பேன். விரிவான உரைநூல் வைத்திருப்பவருக்கு இது தேவையில்லை.