வண்டிப் பந்தயக் குதிரை: அமெரிக்காவா, பிரான்ஸா, ரஷ்யாவா?

ஹார்னஸ் பந்தயத்தில் குதிரைக்குப் பின்னால் சல்கி என்ற லேசான இரண்டு சக்கர வண்டி, அதில் ஓட்டுபவர். ஏறக்குறைய நம்ம ரேக்ளாதான். ஆனால் குதிரை நாலுகால் பாய்ச்சலில் போகக் கூடாது. முன்னங்காலும் எதிர்ப்புறப் பின்னங்காலும் சேர்ந்து எழும் ட்ராட், அல்லது ஒரே பக்கக் கால்கள் சேர்ந்து எழும் பேஸ், இரண்டில் ஒன்றில்தான் ஓட வேண்டும்.

வேகம் மட்டும் போதும் என்றால் பேச்சே வேண்டாம், அமெரிக்காவின் ஸ்டாண்டர்ட்பிரெட் இனம்தான். 1879-ல் இதற்கு விதி வகுத்தபோது, ஒரு மைலை 2 நிமிடம் 30 விநாடிக்குள் ட்ராட்டில் ஓடுவதை அளவாக வைத்தார்கள். குதிரையே ஓட வேண்டும், இல்லையென்றால் அதன் வாரிசுகள் ஓடிக் காட்ட வேண்டும். 2022-ல் புல்டாக் ஹனோவர் என்ற பேஸர் அதே மைலை 1 நிமிடம் 45.8 விநாடியில் முடித்தது. ட்ராட்டில் 2018-ல் ஹோமிசைட் ஹன்டர் எடுத்துக்கொண்டது 1 நிமிடம் 48.8 விநாடி. பேஸர்களுக்குக் கால்களில் மாட்டும் ஹாபிள்ஸ் பட்டை நடையைக் குலையாமல் பிடித்துக்கொள்ளும்; வேகத்தில் அவை முந்துவதற்கு அதுவும் ஒரு காரணம்.

வம்சம் 1788-ல் இங்கிலாந்திலிருந்து பிலடெல்ஃபியாவில் வந்து இறங்கிய மெசஞ்சர் என்ற குதிரையில் தொடங்குகிறது. உண்மையான மூலவர் 1849-ல் நியூயார்க் மாநிலத்தில் பிறந்த ஹாம்பிள்டோனியன் என்ற ஆண் குதிரை. வில்லியம் ரிஸ்டைக் என்ற பண்ணையாள் தாயையும் குட்டியையும் சேர்த்து 125 டாலருக்கு வாங்கினார். அந்தக் குட்டி பிறகு 1,300-க்கும் மேற்பட்ட குட்டிகளுக்குத் தகப்பன் ஆனது. இந்த வியாபாரத்தில் லாபம் யாருக்கு என்று சொல்லவும் வேண்டுமா!

பிரெஞ்சு ட்ராட்டரின் கணக்கு வேறு. நார்மண்டிப் பெட்டைகளோடு இங்கிலாந்தின் நார்ஃபோக் ட்ராட்டர் ரத்தமும் நாலுகால் பாய்ச்சல் பந்தயத்துக்கான தரோபிரெட் ரத்தமும் கலந்து உருவானது. 1836-ல் பிரான்ஸின் செர்பூர்க் நகரில் ட்ராட் பந்தயம் தொடங்கியது. 1937-ல் வெளிக் குதிரைகளுக்கு இனப் பதிவேட்டை மூடினார்கள். உடம்பு ஸ்டாண்டர்ட்பிரெட்டைவிடப் பெரிது, எலும்பு கனம். அங்கே ஆள் ஏறி ஓட்டும் ட்ராட் பந்தயமும் உண்டு என்பதால் இந்த கனம் தேவைப்பட்டது. பாரிஸின் வான்சென் மைதானத்தில் நடக்கும் பிரி டமெரிக் பந்தயம் 2,700 மீட்டர், வழியில் ஏற்றமும் இருக்கிறது. ஒரு மைலில் பறக்கிற குதிரைக்கு அங்கே மூச்சு வாங்கும். ஊராசி என்ற பிரெஞ்சு ட்ராட்டர் அதை நான்கு முறை வென்றது.

மரபணுவும் இதையே காட்டுகிறது. டிஎம்ஆர்டி3 என்ற மரபணுவின் ஒரு மாற்றம் வேகத்திலும் ட்ராட் கலையாமல் ஓட உதவுகிறது என்று 2012-ல் கண்டறிந்தார்கள். ஸ்டாண்டர்ட்பிரெட்டில் அது கிட்டத்தட்ட எல்லாக் குதிரைகளிடமும் இருக்கிறது, பிரெஞ்சு ட்ராட்டரில் அப்படி இல்லை. அந்த மாற்றம் தாய், தகப்பன் இருவரில் ஒருவரிடமிருந்து மட்டும் வந்த பிரெஞ்சுக் குதிரைகள் வயது ஏறிய பிறகும் நன்றாக ஓடுகின்றன. அவசரமில்லாத குதிரை என்று சொல்லலாம். எனக்குப் பிடித்ததும் இதுதான்.

அழகு என்று கேட்டால் ரஷ்யாவின் ஆர்லவ். 18-ஆம் நூற்றாண்டில் கவுண்ட் அலெக்ஸி ஆர்லவ், ஸ்மெட்டான்கா என்ற வெள்ளை அரபுக் குதிரையை 60,000 ரூபிளுக்கு வாங்கினார். ரஷ்யாவுக்கு வந்து சீக்கிரமே அது செத்துப்போனாலும் அதன் பேரன் பார்ஸிலிருந்து இனம் எழுந்தது. வெளிர் சாம்பல் நிறம், வளைந்த கழுத்து, தோரணை எல்லாம் உண்டு. ஆனால் 19-ஆம் நூற்றாண்டின் இறுதியில் அமெரிக்கக் குதிரைகள் வந்தபோது மைதானத்தில் தாக்குப்பிடிக்கவில்லை. வளர்ப்பவர்கள் இரண்டையும் கலந்து ரஷ்யன் ட்ராட்டரை உருவாக்கினார்கள். கலப்பில்லாத ஆர்லவுக்கென்று மாஸ்கோவில் இன்றும் தனிப் பந்தயம் வைக்கிறார்கள்.