ஓசி டயரைப் பல்லைப் பிடித்துப் பார்த்த கதை

போன வாரம் நண்பர் ஒருவர் ஒரு கடிதத்தைப் படம் எடுத்து அனுப்பினார். டயர் கம்பெனியிலிருந்து வந்தது. அவர் கொடுத்த புகாரை ஏற்று இரண்டு டயர்களை இலவசமாக மாற்றித் தருகிறார்களாம். படத்துக்குக் கீழே ஒரே வரி: "வாங்கிக்கவா, வேண்டாமா?" நான் பதில் எழுதுவதற்குள் அடுத்ததும் வந்துவிட்டது: "தானம் வந்த மாட்டைப் பல்லைப் பிடிச்சுப் பார்க்கக் கூடாதுன்னு சொல்வாங்க. ஆனா நீ ஏற்கெனவே பட்டவன், அதான் கேக்கறேன்."

பட்டவன்தான். அதே மாடல் டயரில் இதுவரை 57,000 கிலோமீட்டர் ஓட்டியிருக்கிறேன். முதல் 31,000 காரோடு வந்த டயர்களில், அடுத்த 26,000 கம்பெனி மாற்றிக் கொடுத்த பிறகு. அளவு 185/65 ஆர்15, முன்சக்கர இழுவை வண்டி. மற்ற விவரமெல்லாம் எங்கும் கிடைக்கும், அதை விடுங்கள்.

முதலில் நல்லதைச் சொல்லிவிடுகிறேன், அப்புறம் கோபத்தில் மறந்துவிடுவேன். மழையில் இந்த டயர் போல இன்னொன்றை நான் ஓட்டியதில்லை. ஒரு தடவை கொட்டுகிற மழையில் முன்னால் போன லாரி காரணமே இல்லாமல் நின்றது. பிரேக்கை முழுசாக மிதித்தேன். பெடல் காலடியில் ஒரு நொடி துடித்தது, அவ்வளவுதான். வண்டி கோடு கிழித்த மாதிரி நேராக நின்றது. வைப்பர் இரண்டு தடவை போய் வந்த பிறகுதான் எனக்கே மூச்சு வந்தது. அந்த நன்றி இன்னும் இருக்கிறது. அதனால்தான் இதை எழுதுவது கஷ்டமாக இருக்கிறது.

இனி சத்தத்துக்கு வருகிறேன்.

19,000 கிலோமீட்டர் வாக்கில் ஆரம்பித்தது. மணிக்கு 55 வரை ஒன்றும் இருக்காது. 60 தாண்டியதும் எங்கோ தூரத்தில் மாவு மில் ஓடுகிற மாதிரி ஒரு ஊளை. 72-ல் உச்சம். 95-க்கு மேல் காற்றுச் சத்தம் அதை விழுங்கிவிடும். நான் பெரும்பாலும் 65-க்கும் 80-க்கும் நடுவில் ஓட்டுபவன். அதாவது இந்தச் சத்தத்துக்கென்றே பிறந்தவன். பின் சீட்டில் உட்காருபவர்களுக்கு இன்னும் அதிகம் கேட்கும். "அப்பா, சீட்டுக்கு அடியில வண்டு இருக்கு" என்று மகள் ஒரு நாள் சொன்னாள். அன்றிலிருந்து எனக்கு வண்டைத் தவிர வேறு எதுவும் கேட்கவில்லை.

மெக்கானிக் ஒரு ரவுண்டு ஓட்டிப் பார்த்துவிட்டு, "பின்னாடி வீல் பேரிங் போயிருக்கு சார்" என்றார். மாற்றினோம். சத்தம் அப்படியே இருந்தது. இன்னொரு பக்கத்துப் பேரிங்கையும் மாற்றினோம். அப்போதும் அப்படியே. கழற்றிய இரண்டு பேரிங்கும் டிக்கியில் ஒரு துணிப்பையில் கிடந்தன. கையில் எடுத்துச் சுற்றினால் வெண்ணெய் போலச் சுற்றின. இரண்டு நல்ல பேரிங்குகளைத் தூக்கி எறிந்த புண்ணியம் எனக்கு.

பேரிங்கா டயரா என்று பார்க்க ஒரு காசும் செலவில்லாத வழி இருக்கிறது, அது அப்போது எனக்குத் தெரியாது. ஓடும்போது ஸ்டியரிங்கை இடமும் வலமும் லேசாக ஒடித்துப் பார்த்தால், பாரம் ஒரு பக்கத்திலிருந்து இன்னொரு பக்கத்துக்கு மாறும். அப்போது சத்தம் கூடியோ குறைந்தோ போனால் பேரிங்கைச் சந்தேகப்படலாம். சாலையின் பரப்பு மாறும்போது சத்தம் மாறினால் டயர். என் வண்டியில் புதுத் தார் போட்ட வழவழப்பான சாலையில்தான் ஊளை அதிகம், சொரசொரப்பான பழைய சாலையில் அடங்கிவிடும். இந்தத் துப்பு இத்தனை மாதமாகக் காதுக்குள்ளேயே கிடந்திருக்கிறது.

புகார் கொடுத்தேன். காரோடு வரும் டயர்களுக்கும் பெரும்பாலும் டயர் கம்பெனிதான் உத்தரவாதம், கார் கம்பெனி கையை விரித்துவிடும். இரண்டு மாத இழுபறிக்குப் பிறகு டயர் கம்பெனியிலிருந்து ஒரு எஞ்சினியர் வந்தார். கருவி எதையும் வெளியே எடுக்கவில்லை. பின் சக்கரத்துக்குப் பக்கத்தில் குந்தி உட்கார்ந்து, "சார், கையை இப்படி வைங்க" என்றார்.

டயரின் மேல் உள்ளங்கையை வைத்து ஒரு பக்கமாகத் தடவினேன். வழவழவென்று போனது. "இப்ப திருப்பித் தடவுங்க." ஒவ்வொரு பட்டனின், அதாவது தரையில் படும் ரப்பர் கட்டையின், விளிம்பிலும் விரல் முட்டியது. ரம்பத்தை எதிர்ப்பக்கமாகத் தடவுகிற மாதிரி. ஒவ்வொரு பட்டனும் ஒரு ஓரம் உயர்ந்து, மறு ஓரம் தேய்ந்து, வரிசையாகப் பல். தரையை விட்டு மேலே எழும்போது பட்டனின் பின் ஓரம் சற்று வழுக்கித் தேய்கிறது. இழுவை இல்லாத பின் சக்கரங்களில் இது எளிதாக வரும். அந்தப் பல் ஒவ்வொன்றும் தரையைத் தட்டுகிற தாளம்தான் 72-ல் ஊளையாகிறது.

"ரொட்டேஷன் எப்ப பண்ணீங்க சார்?"

பண்ணவே இல்லை. 31,000 கிலோமீட்டரில் ஒரு தடவைகூட முன் டயரைப் பின்னாலும் பின் டயரை முன்னாலும் மாற்றியதில்லை. வீல் அலைன்மென்ட் மட்டும் இரண்டு முறை. எஞ்சினியர் ஒன்றும் சொல்லவில்லை, தலையை மட்டும் ஆட்டினார். அந்த ஆட்டலில் என் புகாரில் பாதி கரைந்துவிட்டது.

அப்புறம் பட்டன்களுக்கு நடுவே உள்ள பள்ளத்தை அளக்க ஆழமானியை எடுத்தார். பின்னால் 5 மிமீ, முன்னால் 3.5. புதிதில் 8 இருந்திருக்கும். 1.6-ல் டயரின் ஆயுள் முடிந்தது. பள்ளத்துக்குள் தெரியும் சின்ன மேட்டுக்குப் பட்டன் இறங்கிவிட்டால் அது மொட்டை டயர் என்று அர்த்தம்.

ஒரு வாரத்தில் பதில் வந்தது. உற்பத்திக் குறை என்று அதில் எங்கும் எழுதவில்லை. "நல்லெண்ண அடிப்படையில்" என்று இருந்தது. இரண்டு வாய்ப்புகள். ஒன்று, பின் டயர் இரண்டுக்கும் அதே மாடலில் புதுசு, இலவசமாக. இரண்டு, தேயாமல் மிச்சமிருக்கும் அளவுக்கு ஈட்டுத்தொகை, அதை அவர்களுடைய வேறு எந்த மாடலிலும் கழித்துக்கொள்ளலாம். கணக்கு எளிது: பயன்படுத்தக்கூடிய ஆழம் 8-லிருந்து 1.6 போக 6.4 மிமீ. எனக்கு மிச்சம் 3.4. ஆக 53 சதவீதம்.

53 பெரிதா, 100 பெரிதா? நூறைத் தொட்டேன். அங்கேதான் தப்பு செய்தேன்.

ஏன் என்று சொல்கிறேன். இலவசம் என்றது டயருக்கு மட்டும். மாட்டுக்கூலி, பேலன்சிங், புது வால்வு, அலைன்மென்ட் எல்லாம் என் பை. பழைய டயர்களை ஒப்படைத்துவிட வேண்டும், ஸ்டெப்னிக்கு வைத்துக்கொள்ளலாமா என்று கேட்டதற்குச் சிரித்தார்கள். இதே காரணத்துக்காக மறுபடியும் கேட்க மாட்டேன் என்று ஒரு தாளில் கையெழுத்து. இதெல்லாம் பரவாயில்லை. பின்னால் 8 மிமீ, முன்னால் 3.5 மிமீ என்று வைத்துக்கொண்டு ரொட்டேஷன் எப்படிச் செய்வது? ஆழம் கூடிய ஜோடி பின்னால்தான் இருக்க வேண்டும். மழையில் முன் சக்கரம் வழுக்கினால் வேகத்தைக் குறைத்து ஸ்டியரிங்கைப் பிடித்துச் சமாளிக்கலாம். பின் சக்கரம் வழுக்கினால் வண்டி பம்பரம். ஆகப் புது டயரைப் பின்னாலிருந்து எடுக்க முடியாது, எடுக்காவிட்டால் அங்கேயே மறுபடியும் பல் முளைக்கும். எனவே முன்னால் போட அதே மாடலில் இன்னும் இரண்டு டயரை என் காசில் வாங்கினேன். ஓசியில் இரண்டு கிடைத்ததால், எந்த டயரைத் திட்டிக்கொண்டிருந்தேனோ அதையே பணம் கொடுத்து இரண்டு வாங்கியவன் நான்.

மாட்டும் நாளில் இன்னொரு சண்டை. பக்கச்சுவரில் நீள்வட்டத்துக்குள் நாலு எண் இருக்கும், முதல் இரண்டு வாரம், கடைசி இரண்டு வருடம். ஓசி டயர்களில் 3122, அதாவது 2022-ன் 31-வது வாரம். மாட்டியது 2023 அக்டோபரில். காசு கொடுத்து வாங்கிய ஜோடியில் 2623. பதினான்கு மாதம் கிடங்கில் கிடந்ததை என் தலையில் கட்டிவிட்டார்கள் என்று குதித்தேன். நியாயமாகப் பார்த்தால் வெயில் படாமல் ஒழுங்காக வைத்திருந்த டயருக்கு இது ஒரு வயதே இல்லை. பத்து வருடம் ஆனதைத் தேயாவிட்டாலும் தூக்கிப் போடுங்கள் என்றுதான் டயர் கம்பெனிகளே சொல்கின்றன. ஆனால் அன்று நான் நியாயம் பார்க்கிற மனநிலையில் இல்லை. ஒரு விஷயம் மட்டும்: அந்த எண் டயரின் ஒரு பக்கத்தில்தான் முழுசாக இருக்கும். அது உள்பக்கம் போய்விட்டால் டார்ச்சோடு வண்டிக்கு அடியில் படுத்துத்தான் பார்க்க வேண்டும். ரிம்மில் ஏற்றுவதற்கு முன்பே பார்த்துவிடுங்கள். கூடவே 88எச் போன்ற எழுத்தையும். 88 என்றால் ஒரு டயர் 560 கிலோ தாங்கும், எச் என்றால் 210 கிலோமீட்டர் வேகம் வரை. மாற்றாக வருவது உங்கள் வண்டிக்குச் சொன்னதை விடக் குறைவாக இருந்தால், ஓசியானாலும் வேண்டாம்.

சரி, அப்புறம் எப்படி இருந்தது? சொர்க்கம். புது ரப்பரின் வழுவழுப்பு போக முதல் சில நூறு கிலோமீட்டர் மெதுவாக ஓட்டச் சொன்னார்கள், ஓட்டினேன். 72-ல் நிசப்தம். மகள் வண்டைத் தேடிப் பார்த்துவிட்டுத் தூங்கிப்போனாள். 8,000-க்கு ஒரு முறை ரொட்டேஷன், கோயில் மணி மாதிரி தவறாமல். ஒவ்வொரு மாதமும் காற்று, வண்டி ஓடிச் சூடாவதற்கு முன்னால். எஞ்சினியரின் தலையாட்டல் என்னைத் திருத்திவிட்டது.

22,000-ல் வண்டு திரும்பி வந்தது.

முதல் தடவை அளவுக்கு இல்லை. ஜன்னல் மூடியிருந்தால், பாட்டு ஓடினால், தெரியாது. ஆனால் எனக்குத் தெரியும். கையை வைத்துத் தடவிப் பார்த்தேன். ஒரு பக்கம் வழவழ, மறுபக்கம் மெலிசாக, பூனை நாக்கு மாதிரி. அப்படியென்றால் முதல் தடவை தப்பு முழுக்க என்னுடையது இல்லை. நான் பராமரித்தால் மூவாயிரம் கிலோமீட்டர் தள்ளி வருகிறது, சற்று மெதுவாகக் கத்துகிறது. இதைக் கம்பெனியிடம் சொல்லலாம். ஆனால் அந்தத் தாளில் என் கையெழுத்து இருக்கிறது.

நண்பருக்குத் திரும்ப வருகிறேன். திரும்பப் பெறும் அறிவிப்பின் கீழ் வருவது என்றால் யோசிக்கவே வேண்டாம், அன்றைக்கே மாற்ற வேண்டும். 2000 ஆகஸ்டில் ஃபயர்ஸ்டோன் அமெரிக்காவில் 65 லட்சம் டயர்களைத் திரும்பப் பெற்றது. ஓடும்போதே பட்டன் பகுதி உரிந்து ஃபோர்ட் எக்ஸ்ப்ளோரர் வண்டிகள் கவிழ்ந்துகொண்டிருந்தன. அப்படிப்பட்ட விஷயத்தில் பேலன்சிங் கூலிக்குக் கணக்குப் பார்ப்பது பைத்தியக்காரத்தனம். ஆனால் நண்பருக்கு வந்த கடிதத்திலும் "நல்லெண்ணம்" என்றுதான் இருக்கிறது. அவருடையது நான்கு சக்கர இழுவை வண்டி வேறு. இரண்டு புதுசு, இரண்டு 5 மிமீ என்றால் விட்டத்தில் 6 மிமீ வித்தியாசம். நான்கு சக்கரமும் ஒரே வேகத்தில் சுற்றாமல், சக்கரங்களுக்கு விசையைப் பங்கிடும் டிஃபரன்ஷியல் என்ற பல்சக்கரப் பெட்டி ஓயாமல் அரைபடும். எவ்வளவு வித்தியாசம் வரை தாங்கும் என்பது வண்டியின் கையேட்டில் இருக்கும். இரண்டு ஓசி டயர் அவருக்கு ஓசியே இல்லை.

ஃபோனில் கூப்பிட்டு, "கடிதத்தில் இரண்டாம் பக்கம் இருக்கா?" என்று கேட்டேன். இருந்தது, அவர் படிக்கவில்லை. ஈட்டுத்தொகை 61 சதவீதம், எந்த மாடலுக்கும்.

"அதை வாங்கு, வேற மாடல் போடு. இந்த டயர் இருக்கிற பக்கமே போகாதே" என்றேன்.

"மழையில இது மாதிரி எதுவும் நிக்காதுன்னு நீதானே சொன்ன?"

நிற்கும்தான். நேற்று இரவுகூட நின்றது.