பட்டியல் புத்தகமா, செயலியா, மட்டைப்பெட்டியா? உயர்தர மாணவருக்கான ஆங்கிலச் சொல்வளம்

மல்லாவியில் உயர்தரத்தில் உயிரியல் படிக்கும் தங்கைக்கு ஆங்கிலச் சொல்வளம் சேர்க்க மூன்று வழிகளைப் பார்த்தோம். ஒன்று, கடையில் விற்கும் சொற்பட்டியல் புத்தகம். இரண்டாவது, கைபேசியில் இயங்கும் 'அங்கி' (Anki) என்ற மட்டைச் செயலி. மூன்றாவது, கையால் எழுதிய மட்டைகளைச் சப்பாத்துப் பெட்டியில் அடுக்கிப் படிப்பது. நாங்கள் எடுத்தது மூன்றாவதை. ஆகவே இந்த அலசல் நடுநிலையானது என்று யாரும் எண்ண வேண்டாம்.

பொது ஆங்கிலம் உயர்தரத்தில் ஒரு பாடமாக இருந்தாலும் அதன் புள்ளி, பல்கலைக்கழக அனுமதியைத் தீர்மானிக்கும் இசட் புள்ளியில் சேர்வதில்லை. அதனால் பிள்ளைகள் அதை ஓரமாக வைத்துவிடுகிறார்கள். தமிழில் பௌதிகமும் இரசாயனமும் எழுதிச் சித்தியடைந்த பிள்ளை, கிளிநொச்சி அறிவியல் நகரில் இருக்கும் யாழ்ப்பாணப் பல்கலைக்கழகப் பொறியியல் பீடத்துக்குப் போனால் அங்கே விரிவுரை ஆங்கிலத்தில் நடக்கிறது. பாடத்தின் கலைச்சொற்களை எப்படியும் விரிவுரையாளர் விளக்குவார். 'சிக்னிஃபிகன்ட்', 'அஸ்யூம்', 'டிரைவ்' போன்ற பொதுவான கல்விச் சொற்களை எவரும் நின்று விளக்க மாட்டார்கள். பாடசாலைக் காலத்திலேயே சேர்க்க வேண்டியவை இவைதான்.

எந்தச் சொற்கள் என்ற கேள்விக்கு நல்ல விடை ஏற்கெனவே இருக்கிறது. நியூசிலாந்தின் அவெரில் கொக்ஸ்ஹெட் 2000ஆம் ஆண்டு வெளியிட்ட கல்விச் சொற்பட்டியலில் 570 சொற்குடும்பங்கள் பத்துப் பிரிவுகளாக உள்ளன. ஒரு சொல்லும் அதிலிருந்து பிறக்கும் வடிவங்களும் சேர்ந்ததே ஒரு சொற்குடும்பம். கல்வி நூல்களில் வரும் சொற்களில் ஏறக்குறைய பத்தில் ஒரு பங்கு இவற்றுக்குள் அடங்கும். மிகவும் பொதுவான 2000 சொற்குடும்பங்களை ஒதுக்கிவிட்டுத்தான் இந்தப் பட்டியல் தொகுக்கப்பட்டது. அந்த அடிப்படைச் சொற்களிலேயே தடுமாறும் பிள்ளைக்கு இதைக் கொடுப்பது வீண்.

கடைப் புத்தகத்தைப் பற்றி அதிகம் சொல்ல எதுவுமில்லை. விலை குறைவு, அகர வரிசை. எழுத்தில் ஒத்த சொற்கள் பக்கத்துப் பக்கத்தில் வருவதால் ஒன்று மற்றொன்றைக் குழப்புகிறது. பழைய பிரதி ஒன்றை எடுத்துப் பாருங்கள்: முதல் பக்கங்கள் விரல் அழுக்கேறிக் கிடக்கும், நடுவுக்கு அப்பால் தாள் புதுக்கருக்கு அழியாமல் இருக்கும்.

உண்மையான போட்டி செயலிக்கும் பெட்டிக்கும் இடையில்தான். இரண்டின் அடிப்படையும் ஒன்றே: மறக்கப்போகும் தறுவாயில் சொல்லைத் திரும்பக் கேட்பது. பெட்டி முறையை 1970களில் ஜெர்மனியில் பரப்பியவர் செபஸ்டியன் லைட்னர் என்ற பத்திரிகையாளர். பெட்டியை அறைகளாகத் தடுக்க வேண்டும். சரியாகச் சொன்ன மட்டை அடுத்த அறைக்கு நகரும், பிழைத்தது முதல் அறைக்குத் திரும்பும். முதல் அறையை நாள்தோறும் பார்க்க வேண்டும். பின்னால் போகப்போக இடைவெளி நீளும். 'அங்கி' இதே வேலையை, ஒவ்வொரு சொல்லுக்கும் தனித்தனியாகக் கணக்குப் போட்டு, இதைவிட நுட்பமாகச் செய்கிறது. அன்ட்ரொய்டில் அது இலவசம். இணைய இணைப்பு இல்லாமலும் ஓடும். நுட்பத்தில் செயலிதான் மேல், அதில் வாதமில்லை.

ஆனால் நாங்கள் பெட்டியின் பக்கம் போனதற்குக் காரணம் மீட்டல். புதுச் சொல் படிப்பது எவருக்கும் பிடித்த வேலை. பழையதை மீட்டுவதுதான் நாள்தோறும் அழுத்தும் சுமை. செயலியை அப்படியே ஓடவிட்டால் நாளுக்கு 20 புதிய மட்டைகளைக் காட்டும். யாரோ செய்துவைத்த தொகுப்பைத் தரவிறக்கியவுடன் ஆயிரக்கணக்கான சொற்கள் கைக்கு வந்துவிடுவதால், 20 என்பது சிறிய எண்ணாகத் தோன்றும். சில வாரங்களில் நாளாந்த மீட்டல் நூற்றைத் தாண்டும். பிறகு காலபோக அறுவடை வருகிறது, தவணைப் பரீட்சை வருகிறது, வீட்டின் ஒரே கைபேசி அப்பாவுடன் வயலுக்குப் போய்விடுகிறது. ஒரு வாரம் விட்டுத் திறந்தால் நிலுவை வட்டிக்கடன் போல ஏறி நிற்கிறது. அதைப் பார்த்த பிள்ளை செயலியை மூடுகிறது. புதிய மட்டைகளின் எண்ணிக்கையைக் குறைத்து வைக்கலாம் என்பது உண்மை. குறைக்க வேண்டும் என்ற புத்தி நிலுவை சேர்ந்த பிறகுதான் பலருக்கு வருகிறது.

பெட்டியில் இந்தக் கட்டுப்பாடு தானாக அமைந்துவிடுகிறது. பிறிஸ்டல் மட்டையை வெட்டி, முன்பக்கத்தில் ஓர் ஆங்கில வாக்கியத்தைச் சொல்லுக்குரிய இடம் விட்டு எழுதி, பின்பக்கத்தில் சொல்லையும் சுருக்கமான தமிழ் விளக்கத்தையும் அதனுடன் சேர்ந்து வரும் சொற்களையும் குறிக்க வேண்டும். 'எவிடென்ஸ்' என்றால் அது 'புரொவைட்' உடன் வரும் என்பதும் மட்டையில் இருக்க வேண்டும். இவ்வளவும் எழுத நேரம் பிடிப்பதால், ஒரு மாலையில் நாலைந்துக்கு மேல் சேர்க்க மனம் வராது. சேர்க்கும் வேகம் குறைந்தால் மீட்டலும் தாங்கக்கூடிய அளவில் நிற்கும். எழுதும் சோம்பலே இங்கே நமக்கு உதவி செய்கிறது. தவிர, வாக்கியம் எங்கிருந்து வந்தது என்று தங்கைக்குத் தெரியும்: பொது ஆங்கிலப் பாடநூல், சனசமூக நிலையத்தில் கிடக்கும் 'டெய்லி நியூஸ்', கடந்தகால வினாத்தாள்.

பெட்டிக்கும் பராமரிப்பு உண்டு. வன்னியில் காகிதம் வைத்திருப்பவர்களுக்குக் கறையானைப் பற்றிச் சொல்லித் தர வேண்டியதில்லை. பெட்டியை நிலத்தில் வைக்காமல் மேசையில் வைத்தால் போதும். மாரியில் மட்டை நமுத்துப் போகும், மையும் பரவும். குமிழ்முனைப் பேனை நல்லது.

பெட்டி உறுதியாகத் தோற்கும் இடம் உச்சரிப்பு. மட்டை பேசாது. தமிழ் எழுத்தில் ஒலியைக் குறித்துவைப்பதும் சரிவராது, ஏனெனில் 'ப' ஒன்றே p, b என்ற இரண்டு ஆங்கில ஒலிகளுக்கும் நிற்கிறது. கைபேசி வீட்டில் இருக்கும் இரவுகளில், புதிதாக எழுதிய சொற்களைத் தங்கை ஒலியுள்ள அகராதியில் தட்டிக் கேட்டுவிடுகிறாள். செயலியில் ஒலி சேர்த்த தொகுப்பு எடுத்தால் இந்த அலைச்சல் இல்லை.

பட்டியலும் பெட்டியும் இல்லாமல் வாசிப்பால் மட்டும் சேர்ப்பது சிறந்தது என்பவர்களும் இருக்கிறார்கள். எங்கள் வீட்டில் அதை நீண்டகாலம் செய்து பார்க்கவில்லை. உதவியின்றி ஆங்கில நூலொன்றை வாசிக்க எட்டாயிரம் முதல் ஒன்பதாயிரம் சொற்குடும்பங்கள் வேண்டும் என்று சொல்வள ஆய்வாளர் போல் நேஷன் 2006இல் கணித்தார். அந்த அளவை மட்டை எழுதி எட்ட முடியாது, வாசிப்பு வந்தே ஆக வேண்டும். ஆனால் உயர்தரத்தின் இரண்டு ஆண்டுகளில், ரியூசன் வகுப்புகளுக்கு நடுவில், 570இல் பாதியையாவது பிடிக்கப் பெட்டி போதும் என்பது என் கணிப்பு.

சொந்தக் கைபேசியும் அதை மூடிவைக்கும் கட்டுப்பாடும் உள்ள பிள்ளைக்கு நான் 'அங்கி'யைத்தான் சொல்வேன், தரவிறக்கிய தொகுப்பை விட்டுத் தானே மட்டை செய்வதென்றால். தங்கையும் பரீட்சை முடிந்து பல்கலைக்கழக அனுமதிக்குக் காத்திருக்கும் மாதங்களில் மாறிக்கொள்ளலாம். கடைசி அறைக்கு வந்துவிட்ட மட்டைகளை விட்டு, திரும்பத் திரும்பப் பிழைப்பவற்றை மட்டும் தட்டச்சு செய்தால் வேலையும் பெரிதாக இராது.