தாராவும் காலினிக்கமும்: ஒரே தளபதி, இரண்டு முடிவுகள்

கி.பி. 530 கோடையில் தாராக் கோட்டை வாசலில் பாரசீகரை முறியடித்தவர் கிழக்கு ரோமானியப் பேரரசின் தளபதி பெலிசாரியஸ். ஓராண்டு முடிவதற்குள், 531 ஏப்ரல் 19 அன்று, யூப்ரடீஸ் கரையில் காலினிக்கத்தில் தோற்றவரும் அவரே. படைக்கணக்கைப் பார்த்தால் இது புரியாது: தாராவில் அவருடைய 25,000 பேருக்கு எதிரே 50,000 பேர், காலினிக்கத்தில் அவரிடம் சுமார் 20,000 பேர், எதிரே 15,000 பாரசீகரும் அவர்களின் கூட்டாளியான அரபு மன்னர் அல்-முந்திரின் படையும். வித்தியாசம் அகழியிலும் கையிருப்புப் படையிலும் இருக்கிறது.

தாராவில் மதிலிலிருந்து கல்லெறி தூரத்தில் அகழி வெட்டி, ஆள் கடக்க இடையிடையே வழி விட்டார்கள். பலவீனமான காலாட்படை நடுவில், அகழிக்குப் பின்னால். அதனால் பாரசீகக் குதிரைப்படை இரு ஓரங்களில்தான் மோத முடிந்தது. அகழி வளையும் இரண்டு மூலைகளிலும் ரோமானியருக்காகப் போரிட்ட ஹூணக் குதிரைவீரர்கள் தலா 600 பேர் தயாராக நின்றார்கள். ரோமானிய இடது அணி பின்வாங்கியதும் அங்கிருந்த 600 பேர் பக்கவாட்டில் பாய, குன்றின் பின்னே மறைந்திருந்த ரோமானியப் படைத்தலைவர் ஃபராஸின் 300 எருலியர் (ஒரு ஜெர்மானிய இனத்தவர்) பாரசீகரை முதுகில் தாக்கினார்கள். 3,000 பாரசீகர் விழுந்தனர். பிறகு வலப்புறம் நெருக்கடி வந்தபோது இரண்டு ஹூணப் பிரிவுகளும் அங்கே திரும்பி, முன்னேறிய பாரசீக அணியை இரண்டாகப் பிளந்தன. அங்கே மேலும் 5,000 பேர். துரத்தல் எல்லை மீறாமல் பெலிசாரியஸ் நிறுத்தியதும் முக்கியம்.

காலினிக்கத்தில் எதிரி ஊர் திரும்பிக்கொண்டிருந்தான். பின்தொடர்ந்து போனாலே போதும் என்பதே பெலிசாரியஸின் எண்ணம். வீரர்களின் கூச்சலுக்கு இணங்கி, ஈஸ்டருக்கு முந்தைய நாள், நோன்பிருந்த படையோடு போருக்கு இறங்கினார். அகழி இல்லை. இடப்புறம் ஆற்றையொட்டிக் காலாட்படை, நடுவில் குதிரைப்படை, வலப்புற மேட்டில் ரோமானியரின் கூட்டாளி அல்-ஹாரிஸின் கஸ்ஸானிய அரபியர். பகலில் மூன்றில் இரண்டு பங்கு அம்புப் போரிலேயே போனது. பாரசீக அம்புகள் வேகமாகப் பொழிந்தாலும் பெரும்பாலும் கவசத்தைத் துளைக்கவில்லை. பிறகு தேர்ந்த பாரசீகக் குதிரைவீரர்கள் வலப்புற மேட்டை நோக்கிப் பாய்ந்தார்கள். கஸ்ஸானியர் சிதறியதும் அந்த ஓட்டையை அடைக்க ஆளில்லை. ரோமானியப் படையின் ஹூணத் தலைவர் அஸ்கானும் அவருடன் 800 பேரும் மடிந்தார்கள். இடப்பக்கக் காவலாக நினைத்த ஆறு, முதுகுக்குப் பின்னால் தடையானது. மிஞ்சிய காலாட்படை கேடயங்களை நெருக்கிக் கோத்து, தட்டி ஓசையெழுப்பிக் குதிரைகளை மிரட்டி, இருட்டும்வரை தாக்குப்பிடித்தது.

பழியைக் கஸ்ஸானியர்மேல் போடுகிறார் புரோகோப்பியஸ். வரலாற்றாசிரியரான அவர் பெலிசாரியஸின் செயலாளர். பெலிசாரியஸ் முன்பே படகேறித் தப்பினார் என்கிறார் இன்னொரு வரலாற்றாசிரியரான மலாலஸ். யார் சொல்வது சரியானாலும், ஓர் ஓரத்தைக் கையிருப்பில்லாமல் விட்டது தளபதியின் தவறுதான்.

பாரசீகருக்கும் இது நல்ல வெற்றியல்ல. போருக்குப் போகுமுன் ஒவ்வொரு வீரனும் கூடையில் ஓர் அம்பு போடுவான். திரும்பியதும் ஒன்றை எடுப்பான். மிஞ்சிய அம்புகளைப் பார்த்த பேரரசர் கவாத், கோட்டை ஒன்றையும் பிடிக்காமல் இத்தனை பேரை இழந்த தளபதி அசரெத்தஸை மதிப்பிழக்கச் செய்தார். பெலிசாரியஸையும் கான்ஸ்டாண்டிநோபிளுக்குத் திரும்ப அழைத்துக்கொண்டார்கள்.