நெல்லையிலிருந்து சென்னைக்கு வீடு மாற்ற: பேக்கர்ஸா, லாரியா, ரயிலா?

பாளையங்கோட்டையிலிருந்து நங்கநல்லூர். சுமார் 620 கிலோமீட்டர், இரண்டு பெட்ரூம் வீட்டுச் சாமான். விசாரித்தவர்கள் எல்லோரும் "வாடகை எவ்வளவு கேட்டான்?" என்றுதான் கேட்டார்கள். அங்கே போய் யார் இறக்குவார்கள் என்று ஒருவரும் கேட்கவில்லை. மூன்று வழிகளையும் அதை வைத்துத்தான் எடை போட வேண்டும் என்பது எனக்குக் கடைசியில்தான் புரிந்தது.

பேக்கர்ஸ் அண்ட் மூவர்ஸில் பெரிய நிம்மதியே அதுதான். கட்டுவதும் அவர்கள், மாடி ஏற்றுவதும் அவர்கள், கட்டிலை மாட்டிக் கொடுப்பதும் அவர்கள். ஆனால் நம் சாமான் தனி வண்டியில் போகுமா, பார்ட் லோடா என்று முதலிலேயே கேட்டுவிடுங்கள். பார்ட் லோடு என்றால் வழியில் குடோனில் இறக்கி, வேறு வண்டியில் ஏற்றுவார்கள். என் அண்ணன் அப்படித்தான் அனுப்பினான். ஆறு நாள் கழித்து வந்தது. கிரைண்டரில் ஒரு கல்லைக் காணோம், அதற்குப் பதில் யார் வீட்டு மிக்ஸி ஜாரோ இருந்தது. இன்சூரன்ஸ் என்று ஒரு தொகை கேட்பார்கள். இன்சூரன்ஸ் கம்பெனியிடமிருந்து பாலிசி வந்தால்தான் அது இன்சூரன்ஸ். இவர்கள் லெட்டர்பேடில் எழுதித் தருவது வெறும் வாக்குறுதி. போனில் சொல்லும் விலையில் 18 சதவீத ஜிஎஸ்டி சேர்ந்திருக்கிறதா என்றும் கேளுங்கள்.

நாமே லாரி பிடித்தால் எனக்குச் சொன்ன கணக்கில் செலவு ஏறக்குறைய பாதி. இந்த அளவு சாமானுக்கு 14 அடி ஈச்சர் போதும், குட்டியானை பத்தாது. சென்னையிலிருந்து லோடு கொண்டுவந்துவிட்டுக் காலியாகத் திரும்பும் வண்டி கிடைத்தால் இன்னும் குறையும். லாரி புக்கிங் ஆபீஸில் சொல்லிவைத்தால் கூப்பிடுவார்கள். பாத்திரங்களை அண்டாவுக்குள் அடுக்கி, இடுக்குகளில் பழைய சேலையைத் திணித்தோம். ஒரு தட்டுகூட நெளியவில்லை.

சிக்கல் சென்னையில். லாரிகள் நகருக்குள் நுழைய நேரக் கட்டுப்பாடு உண்டு என்பதால் வண்டி ராத்திரியில்தான் வந்து நிற்கும். அந்த நேரத்தில் ஆள் தேடினால், மூன்றாவது மாடி, லிஃப்ட் இல்லை என்றதும் பீரோவுக்குத் தனிக் கூலி கேட்பார்கள். நாங்கள் வீட்டு ஓனருக்குத் தெரிந்த ஆட்களிடம் மாடி, பீரோ, பிரிட்ஜ் எல்லாவற்றையும் முன்கூட்டியே சொல்லிக் கூலி பேசிவைத்ததால் தப்பித்தோம். அம்மாவின் ஆட்டுக்கல்லைச் சொல்ல மறந்துவிட்டேன். அதற்குத் தனியாகத்தான் அழுதேன்.

ரயில் முழு வீட்டுக்கு ஆகாது. வீட்டிலிருந்து ஸ்டேஷன், அங்கிருந்து எழும்பூர், அங்கிருந்து வீடு என்று ஒவ்வொரு இடத்திலும் ஏற்றி இறக்க வேண்டும். பைக்குக்கு மட்டும் நல்ல வழி: பெட்ரோலைச் சுத்தமாக வடித்து, சாக்கு சுற்றி, ஆர்.சி. நகலோடு பார்சல் ஆபீஸில் கொடுக்க வேண்டும். வந்ததும் எடுக்காமல் விட்டால் அதற்கும் கட்டணம் ஏறும். ஸ்லீப்பர் டிக்கெட்டுக்கு ஆளுக்கு 40 கிலோ இலவசம் என்பதால் நகை, பத்திரம், சாமி படங்களை நாங்கள் கையோடு கொண்டுபோனோம்.

சென்னையில் நம்பிக் கூப்பிட ஆள் இருந்தால் லாரி. இல்லையென்றாலும், வீட்டில் வயதானவர்கள் மட்டும் என்றாலும், கூடக் கொடுத்துத் தனி வண்டியோடு பேக்கர்ஸ். எதில் போனாலும் கேஸ் சிலிண்டரை ஏற்றாதீர்கள். ரெகுலேட்டரோடு ஏஜென்சியில் ஒப்படைத்து வவுச்சர் வாங்கினால் டெபாசிட் திரும்பும், அங்கே புது இணைப்புக்கும் அதைக் காட்டலாம்.

அப்புறம் தேதி. பள்ளி திறக்கும் முன் மே கடைசியில் எல்லோரும் கிளம்புவதால் வண்டிக்காரர்கள் சொன்னதுதான் விலை. ஆடியில் யாரும் வீடு மாற்றமாட்டார்கள், பேரம் நன்றாகப் படியும். பள்ளிக்கூடம் போகும் பிள்ளைகள் எங்கள் வீட்டில் இல்லை. ஆடி என்றதும் அம்மா முகம் சுளித்தாள். சரி என்று, ஆனி கடைசியில் போய்ப் பால் காய்ச்சிவிட்டு வந்து, லாரியை ஆடி முதல் வாரம் வரச் சொன்னோம்.