தயிர் இல்லாத காணும் பொங்கல் பந்தி: தொக்கா, தேங்காய்ப்பால் பச்சடியா, மல்லாட்டைத் தயிரா?

காணும் பொங்கலன்று எங்கள் வீட்டில் பிரியாணிதான். சீரகச் சம்பா அரிசியில், ஊறவைத்து அரைத்த காய்ந்த மிளகாய் விழுதைப் போட்டு, ஆம்பூர்ப் பக்குவத்தில் ஒரு தேக்சா இறக்கினால், இலையில் அதற்கு ஒரு பக்கம் கத்திரிக்காய்த் தொக்கும் மறுபக்கம் வெங்காயத் தயிர்ப் பச்சடியும் இருந்தாக வேண்டும் என்பது இந்தப் பக்கத்தில் யாரும் எழுதி வைக்காத சட்டம். மூன்று ஆண்டுகளுக்கு முன் என் நாத்தனார் மகனுக்குப் பால் ஒவ்வாமை இருப்பது தெரியவந்தது. மாமனாருக்கோ அதற்கு வெகு முன்பிருந்தே பால் சேராது. அதனால் பதினெட்டுப் பேர் சாப்பிடும் அந்தப் பந்தியில் பால், தயிர், வெண்ணெய், நெய் எதுவும் படாத தொடுகறிகளையும், சோற்றுக்கு முன் கொறிக்கத் தரும் பண்டங்களையும் மூன்று பொங்கலாக மாற்றி மாற்றிச் செய்து பார்த்துவிட்டேன். அவற்றில் எது எதற்கு ஈடு கொடுத்தது, எது கொடுக்கவில்லை என்பதைத்தான் இங்கே ஒப்பிட்டு எழுதுகிறேன்.

முதலில் ஒரு வேறுபாட்டைத் தெளிவாக்கிவிட வேண்டும். மாமனாருக்குச் சேராதது பாலில் உள்ள லாக்டோஸ் என்னும் சர்க்கரை. அதைச் செரிக்கும் நொதி குடலில் குறைந்துவிட்டதால் வயிறு உப்புகிறது. பால் தயிராகும்போது நுண்ணுயிரிகள் அந்தச் சர்க்கரையில் ஒரு பகுதியைத் தின்றுவிடுகின்றன, நெய்யிலோ அது மிகக் குறைவு. ஆகவே ஒரு கரண்டி தயிரோ ஒரு சொட்டு நெய்யோ அவரைப் பெரிதாகத் தொந்தரவு செய்வதில்லை. பையனின் நிலை அப்படியன்று. அவன் உடல் எதிர்ப்பது பாலின் புரதத்தை. காய்ச்சிய நெய்யிலும் அந்தப் புரதத்தின் மிச்சம் ஒட்டியிருக்கக்கூடும் என்பதால் அவனுக்கு நெய்யும் ஆகாது. எருமைப் பாலும் ஆட்டுப் பாலும் மாற்றாக மாட்டா, ஏனெனில் அவற்றின் புரதங்களும் பசும்பால் புரதத்தை வெகுவாக ஒத்தவை. விருந்துக்கு வருபவர் "பால் சேராது" என்று சொன்னால், இரண்டில் எது என்று கேட்டுக்கொள்வது நல்லது. நான் கடுமையான பக்கத்தையே அளவுகோலாக வைத்துக்கொண்டேன். பிரியாணியிலும் தயிருக்குப் பதில் தக்காளியைக் கூட்டி எலுமிச்சைச் சாறு பிழிந்தேன், நெய்க்குப் பதில் கடலை எண்ணெய் ஊற்றினேன்.

இனி தொடுகறிகள். கத்திரிக்காய்த் தொக்கைப் பற்றிச் சொல்ல அதிகம் இருப்பதால் அதிலிருந்தே தொடங்குகிறேன்.

வேலூர் மாவட்டத்தில் அணைக்கட்டு ஊர்ப் பக்கம் இலவம்பாடியில் விளையும் முள்ளுக் கத்திரிக்காய்க்கு 2023இல் புவிசார் குறியீடு கிடைத்தது. காம்பிலும் அதன் கீழுள்ள பச்சைத் தொப்பியிலும் முள் இருக்கும். அவசரத்தில் கையால் பிடித்துக் காம்பை நறுக்கினால் கட்டைவிரலில் ஏறிவிடும், சிறிய முள்தானே என்று விட்டால் புளி கரைக்கும்போது எரிந்து காட்டிக்கொடுக்கும். காயை நான்காகக் கீறி உப்புத் தண்ணீரில் போட்டுவைத்து, கடலை எண்ணெயில் தோல் சுருங்கும்வரை வதக்கித் தனியே எடுத்துவிட வேண்டும். அதே எண்ணெயில் வெங்காயம், தக்காளி, இஞ்சி பூண்டு, மிளகாய்த்தூள் வதங்கியபின் புளிக்கரைசலை ஊற்றிக் கொதிக்கவிட்டு, வறுத்து அரைத்த மல்லாட்டையும் (வேர்க்கடலையைத்தான் எங்கள் பக்கத்தில் அப்படிச் சொல்கிறோம்) எள்ளும் கலந்த விழுதைச் சேர்த்து, கடைசியில் காயை இறக்கி, எண்ணெய் ஓரத்தில் பிரியும்வரை சிறு தீயில் விட வேண்டும். பதினெட்டுப் பேருக்கு ஒன்றரைக் கிலோ காய், 100 கிராம் மல்லாட்டை, 50 கிராம் எள் சரியாக இருந்தது.  மல்லாட்டையே சிலருக்கு ஒவ்வாமை தரும் பொருள் என்பதால் அதையும் முன்கூட்டியே கேட்டுவிட வேண்டும். அப்படி யாராவது இருந்தால் தொக்கில் எள்ளை மட்டும் வைத்துக்கொண்டு, எண்ணெயையும் மாற்றிவிடலாம். எள்ளும் ஆகாதவர்கள் இருக்கிறார்கள் என்பதால் கேள்வி அதோடு முடிவதில்லை.

இந்தத் தொக்கில் பால் எப்போதுமே இருந்ததில்லை. எதையும் எடுக்கவுமில்லை, எதையும் வேறொன்றாக நடிக்க வைக்கவுமில்லை. முதல் நாள் இரவே செய்துவைத்தால் மறுநாள் புளியும் காரமும் காயில் இறங்கி இன்னும் நன்றாகிறது. ஒரே குறை, அது தயிர்ப் பச்சடியின் வேலையைச் செய்யாது என்பது. பிரியாணியின் காரத்தோடு இதன் காரமும் சேர்ந்துகொள்கிறதே தவிர, நாக்குக்கு ஆறுதல் கிடைப்பதில்லை. அதே காரணத்தால், பருப்பும் புளியும் சேர்த்துச் செய்யும் தால்ச்சாவும் தொக்கின் இடத்தைத்தான் பிடிக்கிறது, பச்சடியின் இடத்தையன்று. தொக்கும் தால்ச்சாவும் ஒரே இலையில் வேண்டாம் என்பது என் கருத்து, இரண்டிலும் புளிதான் பேசுகிறது.

அப்படியானால் பச்சடியின் இடத்தில் எதை வைப்பது? இங்கே மூன்று பேர் போட்டியிடுகிறார்கள்: எலுமிச்சை பிழிந்த வெங்காயம், தேங்காய்ப்பால் பச்சடி, மல்லாட்டைத் தயிர்ப் பச்சடி.

வெங்காயத்தை மெல்லியதாக அரிந்து உப்பும் எலுமிச்சையும் பிழிந்து வைப்பதற்குப் பத்து நிமிடம் போதும், செலவும் இல்லை. ஆனால் மிளகாயின் எரிச்சலுக்குக் காரணமான கேப்சைசின் தண்ணீரில் எளிதில் கரையாது, கொழுப்பில்தான் கரையும். தயிர் நாக்கைத் தணிப்பதற்கு அதன் கொழுப்பும், கேப்சைசினைப் பற்றி இழுத்துக்கொள்ளும் கேசின் என்னும் பால் புரதமும் காரணம். வெங்காயத்தில் இரண்டும் இல்லை. முதல் ஆண்டு இதைத்தான் வைத்தேன். பெரியவர்கள் ஒன்றும் சொல்லவில்லை, பிள்ளைகள் மட்டும் பிரியாணிக்கு நடுவே தண்ணீர்ச் சொம்பைத் தேடிக்கொண்டே இருந்தார்கள்.

தேங்காய்ப்பாலில் கேசின் கிடையாது, ஆனால் கொழுப்பு நிறைய இருக்கிறது. அதனால் தணிக்கும் வேலையைப் பாதிக்கு மேல் செய்துவிடுகிறது. மூன்று தேங்காயைத் துருவி, காய்க்கு முக்கால் கோப்பை வெதுவெதுப்பான நீர் விட்டு அரைத்துப் பிழிந்தால் கெட்டியான முதல் பால் ஏறக்குறைய மூன்று கோப்பை கிடைக்கும். முக்கால் கிலோ வெங்காயத்தை அரிந்து உப்புப் போட்டுப் பிசறி, கால் மணி நேரம் கழித்து ஒட்டப் பிழிந்துவிட வேண்டும். இந்தப் பிழிதலைத் தவிர்த்தால் பந்தி தொடங்குவதற்குள் வெங்காயம் நீர் விட்டுப் பச்சடி மோராகிவிடும். இரண்டு மேசைக்கரண்டி பொட்டுக்கடலை மாவைப் பாலில் கலந்து கெட்டியாக்கி, பச்சை மிளகாய், கொத்தமல்லி, கடைசியாக எலுமிச்சைச் சாறு சேர்த்தால், புளிப்பு ஏறியதும் பால் தானாகவே சற்றுத் திரண்டு தயிரின் தோற்றத்துக்கு நெருங்கி வருகிறது. சுவையில் தேங்காய் தெரியத்தான் செய்யும், மறைக்க முயல்வது வீண்.

இதில் இரண்டாம் ஆண்டு ஒரு சறுக்கல் நேர்ந்தது. வேலையைக் குறைக்கலாம் என்று முதல் நாள் இரவே பாலைப் பிழிந்து ஃபிரிட்ஜில் வைத்தேன். தேங்காய்க் கொழுப்பு ஏறக்குறைய 24 டிகிரிக்குக் கீழே உறையத் தொடங்கும். காலையில் பார்த்தபோது மேலே மெழுகுபோல் வெள்ளைப் பாளமும் அடியில் கலங்கிய நீரும் நின்றன. வெந்நீரில் பாத்திரத்தை வைத்துக் கலக்கிச் சரிசெய்தேன், ஆனாலும் அங்கங்கே மணல்மணலாய் நாக்கில் தட்டியது. வெளியே வைத்தாலோ சில மணி நேரத்தில் வாடை வந்துவிடும். ஆக, இதைப் பந்திக்கு ஒரு மணி நேரத்துக்கு முன் பிழிந்து உடனே பரிமாறுவதே வழி. அந்த ஒரு மணி நேரத்தில் தேங்காய் துருவ ஓர் ஆள் தனியாக வேண்டும் என்பதையும் கணக்கில் சேர்க்க வேண்டும்.

மல்லாட்டைத் தயிர் முற்றிலும் வேறு குணம். இதற்குக் காலம்தான் செலவு, காசன்று. 200 கிராம் மல்லாட்டையை ஆறு முதல் எட்டு மணி நேரம் ஊறவைத்து, தோலை உரித்து, 600 மில்லி நீர் விட்டு நைசாக அரைத்து வடிகட்டி, அடிபிடிக்காமல் பத்து நிமிடம் கொதிக்கவைத்து, கை பொறுக்கும் சூட்டுக்கு ஆறவிட வேண்டும். உறை ஊற்றப் பால் தயிரைப் பயன்படுத்தக் கூடாது என்பதால், காம்போடு கூடிய நான்கைந்து பச்சை மிளகாயை அதில் போட்டு மூடிவைக்க வேண்டும். காம்பில் இயல்பாகவே இருக்கும் நுண்ணுயிரிகள் உறைய வைத்துவிடும், பத்துப் பன்னிரண்டு மணி நேரம் ஆகும். முதல் உறை பெரும்பாலும் தளர்ந்து, பச்சைக் கடலை வாடையோடு இருக்கும். அதிலிருந்து ஒரு கரண்டி எடுத்து அடுத்த பாலுக்கு உறையிட்டால்தான் வெட்டினால் நிற்கும் தயிர் வருகிறது. பொங்கல் நாட்களின் அடுக்கு இதற்கென்றே அமைந்ததுபோல் இருக்கிறது: போகி இரவில் ஊறவைத்தால் பொங்கலன்று முதல் உறை, மாட்டுப் பொங்கலன்று இரண்டாவது உறை, காணும் பொங்கலன்று பச்சடி. பதினெட்டுப் பேருக்கு என்றால் இரண்டாவது உறைக்கு அரைக் கிலோ மல்லாட்டையாவது வேண்டும். புளிப்பில் இதுதான் உண்மைத் தயிருக்கு மிக அருகில் வருகிறது. தேங்காய்ப்பால் பச்சடியைத் தயிர் என்று யாரும் ஏமாற மாட்டார்கள், இதில் என் மாமியாரே முதல் வாயில் ஒரு கணம் தயங்கினார்.

ஆகவே நாள் இருப்பவருக்கு மல்லாட்டைத் தயிர், அன்று காலையில்தான் நினைவுக்கு வருகிறது என்பவருக்குத் தேங்காய்ப்பால், மல்லாட்டை ஆகாதவர் பந்தியில் இருந்தால் ஐயமின்றித் தேங்காய்ப்பால். வெங்காயத்தை மட்டும் வைப்பதை நான் இனிமேல் செய்ய மாட்டேன்.

கொறிக்கும் பண்டங்களில் போட்டி இவ்வளவு கடுமையில்லை, ஏனெனில் நம் பண்டங்களில் பாதிக்குமேல் பாலே கிடையாது. ஆனால் பால் ஒளிந்திருக்கும் இடங்கள் உண்டு. முறுக்கு மாவில் வெண்ணெய் பிசைந்திருப்பார்கள், வீட்டில் அதற்குப் பதில் சூடான எண்ணெய் விட்டாலே போதும். கட்லெட்டின் மேல் புரட்டும் ரொட்டித் தூளில் பால் இருக்கலாம். பொட்டலத்தில் வருவதென்றால், பால் இருந்தால் அதைக் குறிப்பிட வேண்டும் என்று இந்திய உணவுப் பாதுகாப்பு ஆணையத்தின் விதி சொல்வதால் படித்துப் பார்க்கலாம். தட்டில் வைத்து விற்பதில் அந்த வசதி இல்லை. ஒருமுறை ஒரு கடையில் சிக்கன் 65 வாங்கும்போது தயிர் சேர்த்திருக்கிறீர்களா என்று கேட்டு, இல்லை என்ற பதிலை நம்பி வாங்கி வந்தோம். அரை மணி நேரத்தில் பையனின் கழுத்தெல்லாம் தடிப்பாகிவிட்டது. மசாலாவில் ஊறவைத்தவர் ஒருவர், பதில் சொன்னவர் வேறொருவர் என்பது பிறகு தெரிந்தது.

வீட்டில் செய்யும் 65க்குத் தயிர் அவசியமே இல்லை. தயிர் அங்கே புளிப்பு தந்து கறியை மென்மையாக்கத்தான் இருக்கிறது, அதை எலுமிச்சைச் சாறு செய்துவிடும். ஆனால் எலுமிச்சையில் கறியை இரவு முழுவதும் ஊறவைக்கக் கூடாது, மேல்புறம் வெளுத்துச் சக்கையாகிவிடும். ஒரு மணி நேரம் போதும். இருந்தாலும் கறிப் பிரியாணிக்கு முன்னால் கறிப் பண்டம் எதற்கு என்பது என் எண்ணம், பிள்ளைகளின் வாக்கு வேறு பக்கம்.

மசால் வடை எல்லா வகையிலும் பத்திரமான தேர்வு. அரைக் கிலோ கடலைப் பருப்பை இரண்டு மணி நேரம் ஊறவைத்து, ஒரு கைப்பிடிப் பருப்பைத் தனியே எடுத்துவைத்து, மீதியைத் தண்ணீரில்லாமல் கொரகொரப்பாக அரைத்துக் கலந்தால் ஏறக்குறைய நாற்பது வடை தேறும். ஆறினாலும் தின்னலாம். வெங்காயப் பக்கோடா இதைவிட எளிது, ஆனால் கால் மணி நேரத்தில் நமுத்துவிடும்.

இவை அனைத்தையும்விட நான் உயர்வாக வைப்பது பிதுக்கம்பருப்பை. தை மாதத்தில் பச்சை மொச்சை சந்தைக்கு மலிவாக வந்து இறங்கும் நாட்களில், வேலூர், திருவண்ணாமலை வீடுகளில் அதை இரவு ஊறவைத்து, காலையில் ஆளுக்கொரு கிண்ணமாகப் பிரித்துக்கொண்டு, கட்டைவிரலுக்கும் சுட்டுவிரலுக்கும் நடுவே வைத்துப் பிதுக்குவோம். தோல் விரலில் தங்க, பருப்பு வழுக்கிக்கொண்டு எதிரே இருப்பவர் மடியில் போய் விழும். அதைக் குழம்பு வைப்பதுதான் வழக்கம். நான் ஒரு பங்கை நிழலில் ஈரம் உலர்த்தி, சூடான கடலை எண்ணெயில் பொரித்து, மிளகாய்த்தூள், உப்பு, பொரித்த கறிவேப்பிலை தூவி வைக்கிறேன். வடை வெளியே மொறுமொறுப்பு, உள்ளே மெத்து. இதுவோ முழுவதும் மொறுமொறுப்பு, கூடவே பச்சை மொச்சைக்கே உரிய அந்த மணமும் இருக்கிறது. முதல் நாளே பொரித்து டப்பாவில் அடைக்கலாம் என்பதால் விருந்து நாள் காலையில் அடுப்பு ஒன்று மிச்சமாகிறது. குறை, பிதுக்கும் வேலைதான். இரண்டு கிலோ மொச்சைக்கு நான்கு பேர் ஒரு மணி நேரத்துக்கு மேல் உட்கார வேண்டும். உறவினர் முதல் நாளே வந்துவிடும் வீடுகளில் இது வேலையாகத் தெரியாது, தனியாளாகச் சமைப்பவர் மசால் வடையோடு நிறுத்திக்கொள்வதே நல்லது.

எதைப் பொரித்தாலும் புதிய எண்ணெயில் முதலில் பையனுக்கான ஈட்டை எடுத்துவிட்டு, பிறகே மற்றதைப் போடுகிறேன். பனீர் பக்கோடா வேண்டும் என்று யாராவது கேட்டால் அதற்கு வாணலியே வேறு, கரண்டியும் வேறு. சென்ற ஆண்டு அந்தக் கரண்டியின் காம்பில் சிவப்பு நூல் சுற்றி வைத்தேன். அது இன்னும் அவிழாமல் அப்படியே தொங்குகிறது.